'வரம்பு' என்று தலைப்பிட்ட உயர்வு: பெல் நகர மன்றத்தின் வழக்கமான அலுவல்கள்

மன்ற உறுப்பினர்களின் ஊதியத்துக்கு வரம்பு விதிக்கும் சட்டம். கலிஃபோர்னியாவில் பெல் என்ற சிறு நகரத்தின் மன்றம் நிறைவேற்றிய ஒரு நகரச் சட்டத்தின் தலைப்பு இப்படித்தான் இருந்தது. உள்ளே இருந்த எண்களைக் கூட்டிப் பார்த்தால் ஊதியம் ஏறியிருந்தது. 2010 செப்டம்பரில் மாநில அட்டர்னி ஜெனரல் ஜெர்ரி பிரவுன் பெல் நகர நிர்வாகிகள்மீது தொடுத்த வழக்கில் இந்த முரணும் ஒரு குற்றச்சாட்டு.

பெல் ஊழலைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் நகர மேலாளர் ராபர்ட் ரிஸோ வாங்கிய சம்பளத்தில்தான் தொடங்குவார்கள். மலைக்க வைக்கும் தொகை அது, அதற்கும் வருகிறேன். ஆனால் அந்த ஊரில் நடந்ததைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது இந்தத் தலைப்புதான். கூட்ட அரங்கில் உட்கார்ந்திருப்பவர் காதில் விழுவது பொருளின் எண்ணும் தலைப்பும் மட்டுமே. முன்மொழிந்தார், வழிமொழிந்தார், அடுத்த பொருள். பெல்லில் கூட்டத்தின் சடங்குகள் பெரும்பாலும் ஒழுங்காகவே நடந்தன. அந்த ஒழுங்குக்குள்ளேயே பணம் போய்க்கொண்டிருந்தது.

ஊரும் மன்றமும்

லாஸ் ஏஞ்சலஸ் நகரின் தென்கிழக்கே, ஆற்றோரமாக, இரண்டரைச் சதுர மைல் பரப்பளவுக்குள் அடங்கிவிடும் ஊர் பெல். 2010 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 35,000. பத்தில் ஒன்பது பேர் லத்தீன் அமெரிக்க வழியினர். வேறு நாட்டில் பிறந்து வந்து குடியேறிய உழைப்பாளிகள் நிறைய. அதனால் வரி கட்டுகிற பலருக்கு வாக்குச்சீட்டு கிடையாது. ஊருக்கென்று இருந்த சிறு பத்திரிகைகளும் எப்போதோ நின்றுபோயிருந்தன. மன்றக் கூட்டத்துக்கு ஒரு நிருபர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார் என்பதே அரிது.

மன்றத்தில் ஐந்து உறுப்பினர்கள். அவர்களுக்குள் ஒருவரே மேயர். முழுநேர வேலை இல்லை, அவரவர் பிழைப்பு அவரவருக்கு உண்டு. அன்றாட நிர்வாகம் நகர மேலாளரிடம். நம் ஊர் மாநகராட்சி ஆணையரைப் போலத்தான், ஆனால் ஒரு பெரிய வித்தியாசம்: ஆணையரை மாநில அரசு அனுப்புகிறது, வேண்டாமென்றால் மாற்றுகிறது. இங்கே மேலாளரை வேலைக்கு வைப்பதும் சம்பளம் பேசுவதும் அனுப்புவதும் மன்றம்தான். அவருக்கு மேலே உள்ளவர்கள் அந்த ஐந்து பேர் மட்டும். அந்த ஐவரின் ஊதியத் தாளைத் தயாரிப்பதோ அவருடைய அலுவலகம். இந்த வட்டம் மூடிக்கொண்டால் உள்ளே எட்டிப் பார்க்க வெளியாளுக்கு ஜன்னல் கிடையாது.

ரிஸோ 1993-ல் வந்து சேர்ந்தபோது ஆண்டுச் சம்பளம் 72,000 டாலர். 2010-ல் அது 7,87,637 டாலர். அதே காலத்தில் அமெரிக்க அதிபரின் சம்பளம் 4,00,000 டாலர். துணை மேலாளர் ஏஞ்சலா ஸ்பாச்சியாவுக்கு 3,76,288. காவல் தலைவர் ராண்டி ஆடம்ஸுக்கு 4,57,000. லாஸ் ஏஞ்சலஸ் மாநகரக் காவல் தலைவர் வாங்கியதைவிட அது பாதியளவு அதிகம். பெல்லின் போலீஸ் படையோ ஒரு பெரிய குடும்பக் கல்யாணத்துக்கு வருகிற கூட்டம் அளவுகூட இல்லாதது.

ஒரு கூட்டம் எப்படி நடக்கும்

கலிஃபோர்னியாவில் உள்ளாட்சிக் கூட்டங்களைக் கட்டுப்படுத்துவது 1953-ல் வந்த பிரவுன் சட்டம். பெயர் ஒன்றாக இருந்தாலும் ஜெர்ரி பிரவுனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ரால்ஃப் பிரவுன் என்ற சட்டமன்ற உறுப்பினரின் பெயரால் வழங்குவது. வழக்கமான கூட்டம் என்றால் 72 மணி நேரத்துக்கு முன்பே நிகழ்ச்சி நிரலை மக்கள் பார்க்கும் இடத்தில் ஒட்ட வேண்டும். சிறப்புக் கூட்டத்துக்கு 24 மணி நேரம் போதும். நிரலில் இல்லாததைப் பேசி முடிவெடுக்கக் கூடாது. பொதுமக்கள் எழுந்து பேச நேரம் ஒதுக்க வேண்டும்.

நிரலின் நடுவில் ஒப்புதல் பட்டியல் என்று ஒன்று வரும். போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, பில் தொகைகள், சிறு ஒப்பந்தங்கள், புதுப்பிப்புகள் என்று விவாதம் தேவைப்படாதவை என அலுவலகம் கருதும் பொருள்களை ஒரே கட்டாகக் கட்டி வைப்பார்கள். ஒரு முன்மொழிவு, ஒரு வாக்கெடுப்பு, மொத்தமும் நிறைவேறிவிடும். யாராவது ஓர் உறுப்பினர் "இந்தப் பொருளைத் தனியாக எடுங்கள்" என்று கேட்டால்தான் அது விவாதத்துக்கு வரும். 'தீர்மானங்கள் அனைத்தும் ஒருமனதாக நிறைவேறின' என்ற ஒற்றை வரியை நகராட்சிச் செய்திகளில் படித்துப் பழகிய நமக்கு இது ஒன்றும் புதிதில்லை.

இந்த ஏற்பாட்டைக் குறைசொல்ல மாட்டேன். தெருவிளக்கு பல்பு வாங்கிய பில்லுக்கெல்லாம் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தால் எந்த ஊரும் நடக்காது. கேள்வி என்னவென்றால், எது சலிப்பான பொருள் என்று தீர்மானிப்பவர் யார் என்பது. நிரலைத் தயாரிப்பவர்தான். பெல்லில் அவர் ரிஸோ.

சாசனத்துக்கு ஒரு தேர்தல்

2005-ல் மாநிலச் சட்டமன்றம் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. பக்கத்து ஊரான சவுத் கேட்டில் நடந்த முறைகேடுகள் அதற்கு முன்கதை. மன்ற உறுப்பினர்கள் வாரியம், ஆணையம் என்று பல பெயர்களில் கூடுதல் படி வாங்குவதை அது வெட்டியது. ஆனால் அது மாநிலத்தின் பொதுச் சட்டத்தின்கீழ் நடக்கும் நகரங்களுக்கு மட்டும். தனக்கென்று சாசனம் எழுதிக்கொண்ட நகரத்தை அது தொடாது.

அதே ஆண்டு நவம்பர் 29-ல் பெல் ஒரு சிறப்புத் தேர்தல் நடத்தியது. வாக்குச்சீட்டில் இருந்தது ஒரே ஒரு கேள்வி: பெல் சாசன நகரமாகலாமா? சம்பளம் என்ற சொல் அதில் இல்லை. உள்ளூர் விவகாரங்களில் உள்ளூருக்கு அதிகாரம் என்கிற தொனியில் கேள்வி இருந்தது. யார்தான் வேண்டாம் என்பார்கள்? பதிவான வாக்குகள் 400-ஐக்கூட எட்டவில்லை. அவற்றிலும் பாதிக்கு மேல் தபால் வாக்கு.

ஒரு நகரத்தின் அடிப்படைச் சட்டத்தையே மாற்றும் தேர்தலை, வேறு எந்தத் தேர்தலும் இல்லாத ஒரு நாளில் தனியாக வைத்தார்கள். அன்று அது சட்டத்துக்கு உட்பட்டதுதான். இந்த வழக்கில் திரும்பத் திரும்ப எதிர்ப்படும் சங்கடம் இது. ஒவ்வொரு படியாகத் தனியே எடுத்துப் பார்த்தால் அனுமதிக்கப்பட்டதாகவே தெரியும்.

நான்கு வாரியங்கள், சில நிமிடங்கள்

மன்ற உறுப்பினர்களின் வருமானம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் டாலர். மன்ற உறுப்பினர் என்ற பதவிக்கு நேரடியாகக் கிடைத்தது அதில் ஒரு துளி. மீதி எல்லாம் வாரியப் படிகள். பொதுநிதி ஆணையம், உபரிச் சொத்து ஆணையம், சமூக வீட்டுவசதி ஆணையம், திடக்கழிவு மற்றும் மறுசுழற்சி ஆணையம். எல்லாவற்றிலும் உறுப்பினர்கள் அதே ஐந்து பேர்.

இந்த வாரியங்களுக்குத் தனி நாள், தனி அலுவல் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மன்றக் கூட்டத்தின் நடுவே ஒரு வாரியம் கூடும், கலையும், அடுத்தது கூடும். அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் காட்டிய குறிப்புகளின்படி பல அமர்வுகள் ஒன்றிரண்டு நிமிடங்களில் முடிந்தன. படி மட்டும் மாதம் தவறாமல் வந்தது, கூடினாலும் கூடாவிட்டாலும்.

நாற்காலி மாறாமல், ஆள் மாறாமல், பெயர் மட்டும் மாறுகிறது. பார்வையாளர் வரிசையில் இருப்பவருக்கு இது என்னவென்றே புரியாது. புரிந்தாலும், 'உபரிச் சொத்து ஆணையத்தின் கூட்டம் தொடங்குகிறது' என்ற வாக்கியம் யாரையும் நிமிர்ந்து உட்கார வைக்காது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் விசித்திரமாகப் படுபவர் லொரென்சோ வெலஸ். 2009-ல் காலியிடத்துக்கு நியமிக்கப்பட்ட உறுப்பினர். அவர் வாங்கியது ஆண்டுக்குச் சுமார் 8,000 டாலர். பக்கத்து நாற்காலிக்காரர்கள் பன்னிரண்டு மடங்கு வாங்குகிறார்கள் என்பது பத்திரிகையில் வந்த பிறகே தனக்குத் தெரியும் என்றார். அவர்மீது வழக்குப் பதிவாகவில்லை. அதே மேடையில் உட்கார்ந்து, அதே தீர்மானங்களுக்குக் கை தூக்கிய ஒருவருக்கே தெரியவில்லை என்றால், நிரல் எப்படி எழுதப்பட்டிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

கேட்டவருக்குக் கிடைத்த தாள்

யாருமே கேட்கவில்லை என்று சொல்வது அநியாயம். 2008-ல் ஊர்க்காரர் ஒருவர் நகர அலுவலகத்துக்குப் போய், மேலாளருக்கும் உறுப்பினர்களுக்கும் எவ்வளவு சம்பளம் என்று முறைப்படி விண்ணப்பித்துக் கேட்டார். தாளும் கிடைத்தது. உறுப்பினருக்கு மாதம் 673 டாலர், ரிஸோவுக்கு மாதம் 15,478 டாலர் என்று அதில் இருந்தது. இரண்டும் பொய். நகர எழுத்தராக இருந்தவர் பின்னர் சாட்சிக் கூண்டில் ஏறி, தன்னிடம் கொடுக்கச் சொன்ன தாளைத்தான் கொடுத்ததாகச் சொன்னார். ரிஸோவின் ஒப்பந்தம் ஒரே ஆவணமாக இல்லாமல் பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருந்ததும் விசாரணையில் வெளிவந்தது. எந்தத் துண்டைத் தனியாக எடுத்தாலும் கண்ணை உறுத்தாது.

வெளித் தணிக்கையாளர்களும் ஆண்டுதோறும் கணக்கைப் பார்த்துச் சரி என்று எழுதியிருந்தார்கள். மாநிலக் கணக்குத் தலைவர் ஜான் சியாங் பின்னர் அந்தத் தணிக்கையை ஆய்வு செய்து, ரப்பர் முத்திரை என்று சாடினார். படிவத்தில் உள்ள கட்டங்களில் டிக் அடித்ததோடு அவர்கள் வேலை முடிந்துவிட்டது என்பது அவர் முடிவு.

பொய்யான தாளைக் கொடுத்த அலுவலகத்தில் இருந்து இரண்டு ஆண்டு கழித்து உண்மையான தாள் எப்படி வந்தது? தற்செயல்தான். பக்கத்து ஊரான மேவுட், தன் போலீஸ் துறையைக் கலைத்துவிட்டு, மற்ற நகரப் பணிகளைப் பெல்லிடம் ஒப்படைக்க இருந்தது. அந்தச் செய்தியைத் தொடர்ந்துகொண்டிருந்த லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நிருபர்கள் ஜெஃப் காட்லீபும் ரூபன் வீவெஸும், பெல் உறுப்பினர்களின் ஊதியத்தை மாவட்ட அரசு வழக்குரைஞர் அலுவலகம் விசாரிப்பதாகக் கேள்விப்பட்டார்கள். ஆவணங்களைக் கேட்டார்கள். சட்டப்படி பத்து நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். இழுத்தடித்துப் பார்த்தபின் ரிஸோ ஒரு பூங்காவின் கூட்ட அறைக்கு அவர்களை வரச் சொன்னார். எவ்வளவு வாங்குகிறீர்கள் என்ற கேள்விக்கு, இருமிக்கொண்டே ஏழு லட்சம் என்ற எண் வெளியே வந்ததாக நிருபர்கள் பின்னர் நினைவுகூர்ந்தார்கள்.

2010 ஜூலை 15 அன்று செய்தி வெளியானது. அடுத்த கூட்டத்தில் அரங்கம் கொள்ளவில்லை. வாசலுக்கு வெளியே தெரு வரை கூட்டம். 'பாஸ்தா' என்ற பெயரில் ஊர்க்காரர்கள் ஓர் அமைப்பே தொடங்கினார்கள். ஸ்பானிய மொழியில் அதற்கு 'போதும்' என்று பொருள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் ரிஸோ, ஸ்பாச்சியா, ஆடம்ஸ் மூவரும் பதவி விலக ஒப்புக்கொண்டார்கள். ஜூலை மாத முடிவுக்குள் உறுப்பினர்கள் தங்கள் ஊதியத்தை 90 விழுக்காடு வெட்டிக்கொண்டார்கள். அதற்கும் ஒரு முன்மொழிவு, ஒரு வழிமொழிவு.

இந்தச் சம்பளத்துக்குப் பணம் வந்த வழியையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுவும் தீர்மானங்கள் வழியாகத்தான் வந்தது. பெல் வீட்டுக்காரர்கள் கட்டிய சொத்து வரி விகிதம் 1.55 விழுக்காடு. மாவட்டச் சராசரி 1.16. ஓய்வூதியத்துக்கென்று சட்டம் அனுமதித்ததைவிட அதிகமாக வசூலித்திருந்தார்கள். உரிமம் இல்லாமல் ஓட்டியவர்களின் வண்டிகளைப் பறிமுதல் செய்து, மீட்க 300 டாலர் வாங்கினார்கள். பழைய வண்டியில் வேலைக்குப் போகும் குடியேறிக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்லத் தேவையில்லை.

நீதிமன்றத்தில் எது நின்றது

2010 செப்டம்பர் 21 அன்று எட்டுப் பேர் கைதானார்கள்: ரிஸோ, ஸ்பாச்சியா, இந்நாள் முன்னாள் உறுப்பினர்கள் ஆறு பேர். நகரப் பணத்தில் 55 லட்சம் டாலருக்கு மேல் சுருட்டியதாகக் குற்றச்சாட்டு. ஊழியர்களுக்கும் தமக்கும் நகரப் பணத்தைக் கடனாகக் கொடுத்துக்கொண்டதும் அதில் அடக்கம்.

2013 தொடக்கத்தில் ஆறு உறுப்பினர்களின் விசாரணை நடந்தது. மேயராக இருந்த ஆஸ்கர் ஹெர்னாண்டஸின் வழக்கறிஞர், தன் கட்சிக்காரர் அதிகம் படிக்காதவர், நல்ல மனசுக்காக மக்கள் தேர்ந்தெடுத்தவர் என்று வாதாடினார். அலுவலகம் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார், அதிகாரிகளும் வழக்கறிஞரும் சரி என்றால் சரிதானே என்பது அந்த வாதத்தின் சாரம். எனக்கு இதில் கொஞ்சம் உண்மை இருப்பதாகவே தோன்றுகிறது. அது அவரைக் காப்பாற்றும் அளவு உண்மை இல்லை. தன் வங்கிக் கணக்கில் மாதாமாதம் விழுந்த தொகையைப் படிக்கப் பட்டப்படிப்பு வேண்டாம்.

அந்த ஆண்டு மார்ச்சில் ஜூரி சொன்ன தீர்ப்பை நிதானமாகப் பார்க்க வேண்டும். லூயிஸ் ஆர்ட்டீகா எல்லாக் குற்றச்சாட்டிலிருந்தும் விடுவிக்கப்பட்டார். அவர் நியமனமாவதற்கு முன்பே படிகள் உயர்த்தப்பட்டுவிட்டன. மற்ற ஐந்து பேர் திடக்கழிவு ஆணையப் படியில் குற்றவாளிகள். பொதுநிதி ஆணையப் படியில் குற்றமில்லை. மற்ற வாரியங்கள் பற்றி ஜூரிக்குள் முடிவு எட்டவில்லை, சண்டை முற்றி, நீதிபதி அந்தப் பகுதியை விசாரணை செல்லாதென்று அறிவித்தார்.

இந்தப் பிளவுதான் வழக்கின் உயிர்ப்புள்ளி என்பேன். நான்கு வாரியங்களிலும் நடந்தது ஏறக்குறைய ஒன்றுதான்: சில நிமிட அமர்வு, முழு மாதப் படி. ஆனால் திடக்கழிவு ஆணையம் முறைப்படி உருவாக்கப்பட்டதற்கே சான்று இல்லை என்று அரசுத் தரப்பு காட்டியது. வேலை செய்யாத வாரியத்தை ஜூரியால் உறுதியாகத் தண்டிக்க முடியவில்லை. இல்லாத வாரியத்தை முடிந்தது. தாள் சரியாக இருந்தால் பாதி தப்பித்துக்கொள்ளலாம் என்று கூட அதைப் படிக்கலாம்.

மறுவிசாரணையைத் தவிர்க்க ஐவரும் 2014-ல் எதிர்வாதம் இல்லை என்று, அதாவது குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் எதிர்த்து வாதாடாமலும், தண்டனைக்கு உடன்பட்டார்கள். தெரேசா ஹகோபோவுக்கு இரண்டு ஆண்டு சிறை. ஹெர்னாண்டஸுக்கு ஓராண்டு மாவட்டச் சிறை. ஜார்ஜ் கோலுக்கு வீட்டுக்காவல். ரிஸோ 69 குற்றச்சாட்டுகளுக்கு எதிர்வாதம் செய்யாமல் 12 ஆண்டு பெற்றார். ஸ்பாச்சியா விசாரணையைச் சந்தித்து 11 ஆண்டு 8 மாதம் பெற்றார். ஆடம்ஸ் வேலைக்குச் சேரும் முன்பே அவரும் ஸ்பாச்சியாவும் பரிமாறிக்கொண்ட மின்னஞ்சல்கள் அந்த விசாரணையில் வாசிக்கப்பட்டன. பெல்லின் பணத்தில் பங்கு எடுத்துக்கொள்ளலாம், எல்லோரும் சேர்ந்து கொழுக்கலாம், ரொம்பப் பேராசைப்படாதவரை ஆபத்தில்லை என்பது அவற்றின் போக்கு. ஆடம்ஸ்மீது குற்ற வழக்கு வரவில்லை.

2011-ல் மாநிலம் பிரவுன் சட்டத்தையும் தேர்தல் விதிகளையும் திருத்தியது. உயர் அதிகாரிகளின் சம்பளத்தைச் சிறப்புக் கூட்டத்தில் எடுக்கக் கூடாது, வழக்கமான கூட்டத்தில்தான் எடுக்க வேண்டும். இணையதளம் இருந்தால் நிரலை அதிலும் போட வேண்டும். சாசன வாக்கெடுப்பு வழக்கமான பொதுத் தேர்தல் நாளில்தான் நடக்க வேண்டும். ஒவ்வொன்றும் பெல்லில் திறந்திருந்த ஒரு கதவை அடைக்கிற விதி.

யாரும் இல்லாத மன்றம்

கைதுகளுக்குப் பிறகு நடந்தது அதிகம் பேசப்படவில்லை. ஐந்து உறுப்பினர்களில் நான்கு பேர் ஜாமீனில் இருந்தார்கள். நகர அலுவலகப் பக்கம் வரக் கூடாதென்று நீதிமன்றத் தடை. ஆர்ட்டீகா பதவி விலகினார். மேடையில் உட்காரத் தடையில்லாதவர் வெலஸ் மட்டும். மூன்று பேர் இல்லாமல் கூட்டம் செல்லாது. மன்றம் கூடவே முடியவில்லை. ஒரே முன்மொழிவில் முப்பது பொருளை முடித்த ஊரில் ஒரு பொருளையும் எடுக்க வழியில்லை.

2011 மார்ச் 8 அன்று, பதவியில் இருப்பவர்களை வாக்காளர்களே நீக்கும் திரும்பப் பெறும் தேர்தல் நடந்தது. ஐந்து இடங்களுக்கும் புதியவர்கள் பெரும் வித்தியாசத்தில் வந்தார்கள். முடிவு தெரிந்துவிட்டது, ஆனால் பதவியேற்க முடியவில்லை. தேர்தல் முடிவை ஏற்று மன்றம் ஒரு தீர்மானம் போட வேண்டும் என்பது நடைமுறை. வழக்கமாக ஒப்புதல் பட்டியலின் ஒரு மூலையில் கிடக்கும் பொருள் அது, யாரும் படிக்கக்கூட மாட்டார்கள். அதை நிறைவேற்ற மன்றமே இல்லை. கடைசியில் மாநிலச் சட்டமன்றம் தனியாக ஒரு சட்டம் இயற்றி, பெல்லின் முடிவுகளை லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட மேற்பார்வையாளர் குழு சான்றளிக்கலாம் என்று அனுமதித்தது. அப்போது ஆளுநராகிவிட்டிருந்த ஜெர்ரி பிரவுன் அதில் கையெழுத்திட்டார். ஏப்ரலில் புதிய உறுப்பினர்கள் பதவியேற்றார்கள்.